விபரம் தரப்பட்ட ஒருவர்

நான் பார்த்துக்கொள்கிற சின்யோராவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, மணிச்சத்தம் கேட்டால் எழும்பவேண்டும். கோவில் மணி அல்ல, டப்ளின் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு அடிக்கிற மணி. அது இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், தலையணையில் சாய்த்து வைத்த டப்லெட் கணினிக்குள் இருந்து அடிக்கும். பயிற்சி கொடுக்க வருகிற பெண் தலைகீழாய் நின்றாலும் அசையாத கால்கள், அந்த மணிக்கு மட்டும் கட்டிலை விட்டு இறங்கிவிடும். நான் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்க, இரண்டு பேருமாய் நீளமான நடைக்கூடத்தில் இழுபட்டு இழுபட்டுப் போவோம். மணி நிற்பதற்குள் கடைசிக் கதவை அடைந்துவிட வேண்டும். பிந்தினால் கதவைப் பூட்டிவிடுவார்களாம், பிறகு எவ்வளவு பெரிய மந்திரியானாலும் வாக்குப் போட ஏலாதாம். எங்கள் கடைசிக் கதவு குளியலறைக் கதவு. அதில் நின்று "ஆதரவு" என்றோ "எதிர்" என்றோ சத்தமாய்ச் சொல்லுவார். நானும் அப்படியே உள்ளே கொண்டுபோய் இருத்திவிடுவேன். நாட்டு அலுவலும் வீட்டு அலுவலும் ஒரேயடியாய் முடிந்துவிடும்.

இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தேன். இப்போது அந்த மணியைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மழை பிடித்த மாவட்டத்துக்குப் பல தேர்தல்களாய் எம்.பி.யாக இருந்தவர். மகன் பலெர்மோப் பெண்ணைக் கட்டி இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். தகப்பன் செத்து, தாய்க்கும் கைகால் நடுங்கும் வருத்தம் வந்த பிறகு, அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு இந்த வேலை கிடைத்தது என் தங்கச்சியால். அவள் அந்த அயர்லாந்துப் பட்டணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். சின்யோராவின் மனுசன் கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தது அங்கேதான். "என்ர அக்கா பலெர்மோவிலதான் இருக்கிறா. நல்லாப் பாப்பா. கொஞ்சம் வாய் கூட" என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டாள். வாய் கூட என்றது உண்மைதான்.

நான் மன்னாரில் கண்ட எம்.பி. வேறு மாதிரி. கறுப்புக் கண்ணாடி வாகனம், பள்ளிக்கூட மேடையில் மாலை, வீட்டு வளவுக்குள் விடிந்ததில் இருந்து காத்து நிற்கிற சனம். அந்தச் சனம் நிற்பது ஒரு கடிதத்துக்காக. எம்.பி.யின் கடிதம் இருந்தால் மகனுக்குக் கந்தோரில் வேலை, இல்லாவிட்டால் மகன் மதிலில் குந்தியிருப்பான். அதனால் "எம்.பி.யைப் பாக்கிற வேலை" என்று கேட்டபோது நான் ஏதோ ராணியின் வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துப் புதுச் சப்பாத்து வாங்கினேன். கதவைத் திறந்தால் குழம்பிய தலையும் பிழையாய்ப் பூட்டிய பொத்தானுமாய் ஒரு மெலிந்த மனுசி இருந்தார்.

எனக்கு இங்கிலிசு அரைகுறை. அவருக்கு இத்தாலியன் அறவே வராது. இரண்டையும் கலந்து, கையையும் சேர்த்துக் கதைப்போம். அவர் சொன்னதெல்லாம் இப்போது எனக்கு என் தமிழில்தான் நினைவில் நிற்கிறது. அதில் அவர் என்னை "நீர்" என்கிறார். அப்படித்தான் கதைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

காலுக்குக் கிறீம் பூசுகிற நேரம்தான் அவர் வேலையைப் பற்றிக் கதைக்கிற நேரம். சட்டம் செய்கிறவர் என்றால் எப்போதும் சட்டம் செய்துகொண்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். கிழமையில் மூன்று நாள் டப்ளினில். அங்கே அநேகமாய் வெறும் கதிரைகளுக்கு முன்னால் பேச்சு. டப்லெட்டில் நானே பார்த்திருக்கிறேன், ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், பின்னால் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "ஆருக்குப் பேசுறார்?" என்று கேட்டேன். "பதிவுக்கு" என்றார். "நாளைக்குத் தன்ர ஊர்ப் பேப்பருக்கு அனுப்புவார். உமக்காகக் கதைச்சனான் எண்டு காட்ட வேணுமே." மிச்ச நாள் ஊரில். சனிக்கிழமை ஒரு மதுக்கடையின் பின் அறையில் இருப்பாராம். சனம் சுவரோரமாய் வரிசையில் இருந்து ஒவ்வொருவராய் வரும். ஒருவருக்கு வீட்டுக்கு முன்னால் ரோட்டில் குழி, ஒருவருக்கு மருத்துவ அட்டை வரவில்லை, ஒருவருக்கு அயலவனின் மாடு. எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார்களாம், அடுத்த கதிரையில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும் என்று தெரிந்துகொண்டே.

அந்தத் தொழிலுக்கு ஒரு விதி இருந்தது. ஓம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஓம் என்றால் நடக்காவிட்டால் வாக்குப் போய்விடும். இல்லை என்றால் அந்த இடத்திலேயே வாக்குப் போய்விடும். "பாக்கிறன்" என்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொன்னாராம்.

இரண்டாவது விதி செத்தவீடு. எந்தச் செத்தவீட்டையும் விடக்கூடாது. காலையில் எழும்பினால் முதல் மரண அறிவித்தல், பிறகுதான் தேத்தண்ணி. பலெர்மோவுக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், அவர் டப்லெட்டில் தன் மாவட்டத்தில் யார் செத்தது என்று தேடுவார். எங்கள் சனமும் அப்படித்தானே, வெளிநாட்டில் இருந்துகொண்டு முதலில் பார்ப்பது மரண அறிவித்தல்தான். அதில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. அங்கே செத்தவீட்டில் வரிசையில் நின்று, ஒவ்வொரு உறவுக்காரருக்கும் கையைக் கொடுத்து, "உங்கட துயரத்துக்கு வருந்துறன்" என்று சொல்ல வேண்டும். அதைவிட ஒரு சொல்லும் கூடச் சொல்லத் தேவையில்லை. நாளுக்கு மூன்று செத்தவீடு போன நாளும் இருக்குதாம்.

ஆனால் தன் மனுசன் சாகிற நேரம் அவர் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு டப்ளினில் ஒரு வாக்கெடுப்பு, ஒரு வாக்கிலே அரசாங்கம் விழக்கூடிய வாக்கெடுப்பு. அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒருவருக்கு அவசரம் என்றால் மற்றப் பக்கத்தில் ஒருவர் தானும் வாக்குப் போடாமல் இருந்து கணக்கைச் சமப்படுத்துவார். சோடி என்பார்கள். அன்றைக்கு அவருக்குச் சோடி கிடைக்கவில்லை. மணி அடித்தது, போய் வாக்குப் போட்டார். அந்த நேரம் மனுசனின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது என் தங்கச்சி.

இதை அவர் எனக்கு ஒரு தரம்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "உம்மட தங்கச்சிக்கு நான் கடமைப்பட்டவள்" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருசம் எங்கள் சனத்துக்கு விசயம் தெரிந்துவிட்டது. மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு அக்கா, "உன்ர சின்யோரா எம்.பி.யாமே, என்ர பெர்மெசோ குவெஸ்தூராவில கிடக்குது, ஒருக்காக் கதைச்சுப் பாரன்" என்றார். அயர்லாந்து எம்.பி.க்கு, வதிவிட அனுமதி கொடுக்கிற பலெர்மோப் பொலிஸ் கந்தோரில் ஒரு நாய்க்குட்டிகூடத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஒரு பெட்டி கன்னோலி இனிப்போடு வந்துவிட்டார். சின்யோரா தலை இழுத்து, நல்ல சட்டை போட்டு, குசினி மேசையில் வந்திருந்தார். அக்கா தமிழில் அழுதழுது சொல்ல, நான் மொழிபெயர்க்க, அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். கடைசியில் "பாக்கிறன்" என்றார். அக்கா முகம் மலர்ந்து போனார்.

"உங்களால இஞ்சை என்ன செய்ய ஏலும்?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அவ சொல்லி முடிச்சிட்டா. அரைவாசி அலுவல் அதுதான்."

"மற்ற அரைவாசி?"

கன்னோலியைக் காட்டிச் சிரித்தார். அவரோடு கோபிக்க ஏலாது.

என்னிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "ஓம்". நான் போனில் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்நேரமும் ஓம், ஓம் எண்டுறீர், என்ன அது?" என்று கேட்டார். சொன்னேன். "இவ்வளவு தரம் ஆம் எண்டுற சனத்தை நான் கண்டதில்லை. தேர்தலுக்கு உங்களிட்ட வந்திருக்க வேணும்" என்றார். அதன் பிறகு தேத்தண்ணியோ என்றால் ஓம், யன்னலைத் திறக்கவோ என்றால் ஓம். ஆனால் ஏதாவது உதவி என்று கேட்டால் மட்டும் பழைய தொழில் வந்துவிடும்.

போன வருசம் வெயில் தொடங்குகிற காலத்தில் தங்கச்சிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது. வீட்டில் மனுசனும் இரண்டு பெண் பிள்ளைகளும். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. கூடப்பிறந்தது என்று அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போது அவளை ஒரு தரம் கண்ணால் காண வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இத்தாலிப் பெர்மெசோ வைத்துக்கொண்டு பாரிசுக்குப் போய்வரலாம், ஜெர்மனிக்குப் போய்வரலாம். அயர்லாந்துக்குப் போக ஏலாது. அதற்குத் தனி விசா. விண்ணப்பத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டையும் ரோமில் இருக்கிற அயர்லாந்து விசாக் கந்தோருக்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் அங்கே ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயாளிக்கு இனிக் காலம் குறைவு, சகோதரி கெதியாய் வந்தால் நல்லது என்று. தங்கச்சியின் மனுசன் அதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினார்.

நான் அதைக் கொண்டுபோய்ச் சின்யோராவிடம் காட்டி, "இதை விசாக் கந்தோருக்கு அனுப்பவோ?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். "கவுண்டருக்குப் போற கடிதம் குவியலுக்கு அடியில கிடக்கும். என்னட்டைத் தாரும். இது மேலயிருந்து போக வேணும்."

நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? மன்னாரில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கந்தோரில் கொடுத்தால் தூசி பிடிக்கும், எம்.பி. கையில் கொடுத்தால் நடக்கும். அந்த மழை பிடித்த மாவட்டத்துச் சனமும் அப்படி நம்பித்தான் மதுக்கடையின் பின் அறையில் வரிசையில் இருந்தது. நானும் சின்யோராவும் உலகத்தின் இரண்டு மூலையில் இருந்து ஒரே பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம்.

அன்றைக்கே அவர் தன் இடத்துக்கு வந்த எம்.பி.க்குப் போன் எடுத்தார். அந்த ஆள் முன்னம் சின்யோராவுக்குக் கார் ஓட்டியவர். ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தார்கள். முதலில் யார் செத்தது, பிறகு மழை, பிறகு வைக்கோல், பிறகு அடுத்த தேர்தலில் யார் நிற்கிறது. நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் அலுவல் வந்தது. அப்போது சின்யோராவின் குரல் மாறியது. நடுக்கம் இல்லை. சொல் சொல்லாய்ச் சொன்னார்: பாராளுமன்றத்தில் மந்திரிக்கு ஒரு கேள்வி போட வேண்டும், விபரம் தரப்பட்ட ஒருவரின் விசா விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று.

"என்ர பேர் போட மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"போடக்கூடாது. பதிவு எண்டைக்கும் கிடக்கும். உம்மட துன்பத்தை ஆரும் பாக்கக் கிடக்கக்கூடாது. பேரும் கடிதமும் தனியாப் போகும். பதிவில 'விபரம் தரப்பட்ட ஒருவர்' எண்டுதான் வரும்."

எனக்கு அது பிடித்திருந்தது. மரியாதையாய் இருந்தது.

அன்று பின்னேரம் தங்கச்சியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "பாராளுமன்றத்திலயோ? எனக்காகவோ?" என்று கேட்டாள். சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஊசி போட வந்த நேர்சிடம், "மை சிஸ்டர், பார்லிமென்ட்" என்று சொல்லுவது எனக்குக் கேட்டது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கேள்வி போனது. ஆனால் பாராளுமன்றம் கோடை விடுமுறைக்குக் கலைந்திருந்தது. செப்ரெம்பரில் கூடினால்தான் பதில் வரும். "விடுமுறை எண்டாலும் கேள்வி போயிட்டுது எண்டால் ஃபைல் அசையும்" என்றார் சின்யோரா. பழைய காரோட்டியும் தான் இடைக்கிடை கதைத்துப் பார்ப்பதாய்ச் சொன்னார். நான் ரோமுக்குப் போன் எடுத்துக் கேட்கவோ என்று ஒரு நாள் கேட்டபோது, "வேண்டாம், இரண்டு பக்கத்தாலும் இழுத்தா ஃபைல் குழம்பும்" என்றார். அதையும் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வாய் கூடியவள் வாயைப் பொத்திய ஒரே கோடை அது.

ஆகஸ்டில் பலெர்மோ செத்துப்போகும். மகனும் மருமகளும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரம் வீடெடுத்துப் போய்விட்டார்கள். கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற வெக்கைக் காற்றில் யன்னல் பலகையைப் பூட்டினால் மூச்சு முட்டும், திறந்தால் குப்பை மணக்கும். இருட்டு அறையில் நானும் சின்யோராவும். மணி இல்லாதபடியால் அவர் நடக்கவில்லை. கால்கள் கட்டைபோல் இறுகின. ஒரு நாள் போனில் பழைய வீடியோ ஒன்றைத் தேடியெடுத்து மணியை அடிக்கவிட்டேன். தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "இது முடிஞ்ச வாக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தங்கச்சி போனில் ஒவ்வொரு தரமும் சின்னதாகிக்கொண்டு வந்தாள். முகத்தில் பல் மட்டும் பெரிதாய்த் தெரிந்தது. "எப்ப வாறாய்?" என்று கேட்பாள். "கேள்வி போட்டிருக்குது" என்பேன். பிறகு பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கொடுமையாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனத்தோடு பெலெக்ரினோ மலைக்கு ஏறி, குகைக்குள் படுத்திருக்கிற புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். மலையில் சைவ ஆட்களும் நிற்பார்கள், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரரும் நிற்பார்கள், எல்லாருக்கும் அவவிடம் ஒரு அலுவல். அவவும் எங்களுக்கு "பாக்கிறன்" என்றுதான் சொன்னா போலிருக்கிறது.

செப்ரெம்பர் பிறந்து சில நாளில் ரோமில் இருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டார். நல்ல தன்மையான குரல். விண்ணப்பத்தில் சகோதரிக்குச் சுகமில்லை என்று எழுதியிருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றும் இல்லையே, இருந்தால் அனுப்புங்கள், அப்படியான விண்ணப்பங்களைக் கெதியாய்ப் பார்ப்போம் என்றார். அனுப்பியாயிற்றே என்றேன். யாருக்கு என்று கேட்டார். பாராளுமன்றத்துக்கு என்றேன். அவர் கணினியில் தேடுகிற தட்டல் கேட்டது. பிறகு, "எங்களுக்கு அது வரவில்லை அம்மா" என்றார்.

நின்ற நிலையிலேயே அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். ஒரு பெருவிரலால் அமத்துகிற வேலை. கோடை முழுக்க அந்த ஒரு அமத்தலுக்காகத்தான் காத்திருந்திருக்கிறேன்.

சின்யோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் திரும்பியபோது கண்ணை மூடிக்கொண்டார். நான் குளிசைப் பெட்டியைத் திறந்து குளிசைகளை எண்ணினேன். வாயைத் திறந்தால் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் போயிருக்கும். போர்கோ வெக்கியோச் சந்தையில் நீட்டுச் சுரைக்காயின் இளங்கொழுந்து வாங்கிக்கொண்டு நிற்கும்போது தங்கச்சியின் மனுசன் போன் எடுத்தார். "மச்சாள்" என்றார். அதற்குமேல் அவரால் கதைக்க ஏலவில்லை. கொழுந்துக் கட்டைக் கையில் பிடித்தபடியே நான் சத்தம் வைத்து அழுதேன். கடைக்காரன் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை இருத்தினான்.

அயர்லாந்தில் செத்தால் மூன்று நாளுக்குள் அடக்கம். விசா அதற்குள் வராது. பாஸ்போர்ட்டாவது வரட்டும் என்று விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினேன்.

அடக்கத்துக்கு முந்தின இரண்டு நாளும் சின்யோரா போனும் கையுமாய் இருந்தார். யார் யாருக்கோ எடுத்தார். பெயர்களை மட்டும் சொல்லுவார், பிறகு நேரம், பிறகு கோவில். எனக்கு அதைக் கவனிக்க மனமில்லை. அடக்கத்தன்று தன் டப்லெட்டை என் முன்னால் வைக்கச் சொன்னார். அந்த நாட்டுக் கோவில்களில் ஒரு கமரா இருக்கும், செத்தவீட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பத்து இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தேன். வந்து சில வருசமே ஆன, வயோதிபரைக் குளிப்பாட்டுகிற வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வேறு யார் வருவார்கள்?

கோவில் நிரம்பியிருந்தது. வாங்குகளில் இடமில்லாமல் பின்னால் நின்றார்கள். நனைந்த மழைக்கோட்டுகள், தொப்பியைக் கையில் பிடித்த கிழவர்கள். முன் வாங்கில் தங்கச்சியின் மனுசன், இரண்டு பிள்ளைகள். பெட்டிக்குப் பக்கத்தில் வரிசை ஊர்ந்தது. ஒவ்வொருவரும் மூன்று பேருக்கும் கையைக் கொடுத்து ஏதோ முணுமுணுத்து நகர்ந்தார்கள். சின்யோரா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: இவர் ரோட்டுக் குழிக்காரர். இவவுக்கு மருத்துவ அட்டை. இவர்தான் மாட்டுக்காரர், அந்த மாட்டு அயலவனும் பின்னால நிக்கிறான். பழைய காரோட்டி வாசலில் குடை பிடித்து ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் கை கொடுத்துக் களைத்துப்போய், இடது கையை நீட்டத் தொடங்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் பலெர்மோவில் குசினி மேசையில் இருந்தது.

வரிசை முடிகிற நேரம் சின்யோரா மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மணி ஒன்றும் அடிக்கவில்லை. தானாய் எழும்பினார். என்னிடம் திரும்பிக் கையை நீட்டினார். "உம்மட துயரத்துக்கு வருந்துறன்."

நான் கையைக் கொடுக்கவில்லை.

"சின்யோரா," என்றேன், "இஞ்சையிருந்துகொண்டு ஒரு கோவிலை நிரப்ப உங்களால ஏலுது. ஒரே ஒரு ஆளை அவளுக்குப் பக்கத்தில கொண்டுபோய் நிப்பாட்ட உங்களால ஏலேல்லை."

அவர் கையை இழுக்கவில்லை. அது நடுங்கிக்கொண்டே நீண்டு நின்றது. "எனக்கு எப்பவும் நடந்தது இது ஒண்டுதான்" என்றார். "செத்தவீடு ஒண்டுதான் சரியா நடந்தது."

நடுங்குகிற கையைப் பிடிப்பதுதானே எனக்குச் சம்பளம். பிடித்து, கதிரையில் இருத்தினேன்.

வேலையை விடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. இங்கே வேலையை விட்டுவிட்டு ஆர் எனக்குச் சாப்பாடு போடுவது? கிறீம் பூசினேன், குளிசை கொடுத்தேன், கதைக்கவில்லை. வீட்டுக்குள் இரண்டு பேரும் வாடகைக்கு இருக்கிற ஆட்கள்போல் நடந்துகொண்டோம்.

பிறகு பாராளுமன்றம் கூடியது. ஒரு மத்தியானம் பழைய காரோட்டி என் போனுக்கு ஒரு இணைப்பு அனுப்பினார். மந்திரியின் பதில். சின்யோரா டப்லெட்டில் நேரலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "வந்திருக்குதோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். "வாசியும்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். விபரம் தரப்பட்ட ஒருவரின் விண்ணப்பம், விண்ணப்பதாரராலேயே வாபஸ் பெறப்பட்டுள்ளதாக மந்திரிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கேள்வி எழவில்லை.

அவ்வளவுதான். இரண்டு வரி. கோடை முழுக்க நானும் தங்கச்சியும் நம்பிப் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். பொய் ஒன்றும் இல்லை அதில். எல்லாம் சரியாய்த்தான் எழுதியிருந்தார்கள்.

சின்யோரா டப்லெட்டின் சத்தத்தைக் குறைத்தார். "சபையில எண்டால் பதில் வாசிச்ச பிறகு துணைக் கேள்வி ஒண்டு கேக்கலாம்" என்றார். "அதுக்கு மந்திரியின்ர கையில முன்னமே எழுதி வைச்ச பதில் இருக்காது. எழுத்தில வந்த பதிலுக்கு அது இல்லை. எண்டாலும் உமக்கு உரிமை இருக்குது. என்னைக் கேளும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பின் அறையில் இருந்து சனத்தின் முகத்தைப் பார்த்த முகம்.

"அந்தக் கடிதத்தை அண்டைக்கே நான் ரோமுக்கு அனுப்பியிருந்தா, அவளை உயிரோட கண்டிருப்பனோ?"

"பாக்கிறன்" என்ற மாதிரி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தால் அந்தக் கிறீம் போத்தலைச் சுவரில் அடிக்கிறது என்றும் தீர்மானித்திருந்தேன். ரோமில் அப்போதும் கந்தோர் பூட்டு, விடுமுறை, வரிசை என்று சொல்லியிருக்கலாம். ஆருக்குத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றார்.

என் சொல்லில், தமிழில் சொன்னார். டப்லெட்டுக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. அவர் காலை அசைக்கவில்லை. நான் கையைக் கொடுக்கவும் இல்லை. அது அடித்து முடியும்வரை இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம்.